ஏர்கூலர் பராமரிப்புப் பணி: செயலாளரின் 2024–25ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பேரவைக் கூட்டத்தில் என் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்ட ஏர்கூலர் பராமரிப்புப் பணி பற்றிய அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

நமது வேலூரில் பங்குனி பிறந்ததும் தொடங்கும் வெயில், மே 4 முதல் 28 வரையிலான அக்னி நட்சத்திர நாட்களில் பலமுறை 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டிவிடும். ஆனாலும் அந்த நாட்களின் நண்பகல் காற்று வறண்டிருப்பதால்தான் ஏர்கூலர் இங்கே நன்றாக வேலை செய்கிறது. 1 லிட்டர் தண்ணீர் ஆவியாவதற்குச் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் தேவைப்படுகிறது. அந்த வெப்பத்தை, கூலரின் பக்கங்களில் பொருத்தியிருக்கும் ஈரமான பேட், தன் வழியே புகும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. நம் முன்னோர் வாசலில் வெட்டிவேர்த் தட்டியைத் தொங்கவிட்டுத் தண்ணீர் தெளித்ததும் இதே கணக்கில்தான். ஈரக்காற்று வெளியேற எதிர்ப்புறம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும் என்பதைப் பல வீடுகளில் சொல்ல வேண்டியிருந்தது. அறையை ஏசி அறை போல அடைத்துக்கொண்டால் சிறிது நேரத்தில் புழுக்கம்தான் மிஞ்சும்.

ஏப்ரல் மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள், விருப்பம் தெரிவித்த உறுப்பினர்களின் வீடுகளுக்கு எலக்ட்ரீசியன் ஒருவரையும் இளைஞர்கள் சிலரையும் அழைத்துச் சென்றோம். பெரும்பாலான வீடுகளில் பேட்தான் முதல் குறை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றும் வீடுகளில் அட்டையாலான தேன்கூடு பேட்டின் துளைகளில் உப்பு வெள்ளையாகப் படிந்து, விரலால் தட்டினால் சுண்ணாம்பு போல உதிர்ந்தது. அத்தகைய பேட்டை வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான பிரஷ்ஷால் துளைகளின் போக்கிலேயே தேய்த்துக் கழுவினோம். கம்பி பிரஷ் பட்டால் அட்டை கிழிந்துவிடும். மரச்சீவலாலான புல் பேட்டுகளைக் கழுவிப் பயனில்லை, பருவத்துக்குப் பருவம் மாற்றிவிடுவதே நல்லது. வினிகரும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதால், இவ்விரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று வீடுதோறும் எச்சரித்தோம்.

மின்சாரம் தொடர்பாக ஒரு நிகழ்வை இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரு வீட்டிலிருந்த தகர உடல் கூலரின் பிளக்கில், சுவரிலிருந்த பாயிண்ட்டில் பொருந்தவில்லை என்பதற்காக எர்த் பின்னை வெட்டியிருந்தார்கள். எலக்ட்ரீசியன் டெஸ்டரைத் தொட்டியின் விளிம்பில் வைத்ததும் அதன் விளக்கு எரிந்தது. தண்ணீருக்குள் மூழ்கியிருந்த பம்ப்பின் ஒயரில் உறை வெடித்திருந்தது. அந்த வீட்டில் பள்ளி செல்லும் குழந்தைகள் இருக்கிறார்கள். அந்த விளக்கு எரிந்ததைப் பார்த்தபோது எனக்கு உடல் நடுங்கியது. பம்ப்பை மாற்றி, மூன்று பின் பிளக்கைப் பொருத்தி, எர்த் சரியாக இருப்பதைச் சோதித்த பிறகே அங்கிருந்து கிளம்பினோம். தண்ணீர் ஊற்றும்போதும் தொட்டியைத் துடைக்கும்போதும் ஸ்விட்ச்சை அணைப்பதோடு நில்லாமல் பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும் என்பதையும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியை ஒவ்வொரு வீட்டிலும் பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதையும் மிகுந்த அக்கறையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பருவத்தின் தொடக்கத்தில் நாம் காட்டிய கவனம் முடிவில் இல்லை என்பதை வருத்தத்துடன் தெரிவிக்கிறேன். மழை தலைகாட்டியதும் பெரும்பாலோர் கூலரை ஓரமாகத் தள்ளிப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டோம். செப்டம்பரில் டெங்கு தடுப்புப் பணியாளர்கள் வந்தபோது, என் வீட்டுக் கூலருக்குள் டார்ச் அடித்துப் பார்த்த பெண் பணியாளர், ஒரு கரண்டியில் தண்ணீரை மொண்டு என்னிடம் காட்டினார். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை முழுவதும் வடித்துவிட்டதாகவே நான் நம்பியிருந்தேன். அந்தத் துளை தொட்டியின் அடித்தளத்திலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் இருந்ததால், பம்ப் உட்காரும் பள்ளத்தில் தண்ணீர் தங்கியிருந்திருக்கிறது.

அந்தப் பணியாளர் விளக்கியதை உறுப்பினர்கள் அனைவரும் அறிய வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்தை ஒட்டிய ஈரச்சுவரில் முட்டையிடுகிறது. தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருந்து, மறுபடி நனையும்போது பொரிக்கும். ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நான்கு சுவர்களையும் அழுத்தித் தேய்த்துக் கழுவ வேண்டும். கூலர் ஓடும் மாதங்களிலும், முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாட்களே போதும் என்பதால், வாரம் ஒருமுறை இதைச் செய்வது கட்டாயம். வடகிழக்குப் பருவமழையை ஒட்டியே நம் பகுதியில் டெங்கு கூடுகிறது என்பதை நினைத்தால், கூலரை எடுத்து வைக்கும் நாளின் அரைமணி நேர வேலை எவ்வளவு முக்கியம் என்பது விளங்கும்.

அதன் பிறகு அக்டோபர் முதல் ஞாயிறன்று வீடுவீடாகச் சென்று தொட்டிகளைத் தேய்த்து, மிச்சத் தண்ணீரைப் பழந்துணியால் ஒற்றியெடுத்தோம். பேட் உலரும் வரை பம்ப்பை நிறுத்திவிட்டு மின்விசிறியை மட்டும் ஓடவிட்டோம். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து, மறுவருடம் முதல் காற்றிலேயே நாற்றம் வரும் என்பதால் பிளாஸ்டிக் தாளுக்குப் பதிலாகப் பழைய பருத்திப் புடவையைப் போர்த்தச் சொன்னோம். முதியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகளில் இந்த வேலையை முழுவதுமாக நம் இளைஞர்களே செய்து கொடுத்தார்கள்; அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி உரியது.

வரும் ஆண்டில், கூலரை எடுத்து வைக்கும் பணியை வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே, ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று எல்லா வீடுகளிலும் ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று செயற்குழு முன்மொழிகிறது. இம்முன்மொழிவையும் இவ்வறிக்கையையும் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்