ஏழு நாளைக் கூட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் பேப்பரின் பெண்கள் பக்கத்தில் பிரசவத் தேதி கண்டுபிடிக்க ஒரு அட்டவணை போட்டிருந்தீர்கள். கடைசி மாதவிலக்கின் முதல் நாளை எடு, ஏழு நாளைக் கூட்டு, ஒன்பது மாதம் தள்ளு, தேதி கையில். என் நாத்தனார் அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டியே வைத்துவிட்டார். நான் மேலூர்க்காரி, மதுரை கீழமாசி வீதியில் ஒரு மளிகை மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கூட்டல் சரியாக இருந்து ஆரம்ப இருப்பு தப்பாக இருந்தால் மொத்தப் பேரேடும் தப்புதான், அதனால்தான் எழுதுகிறேன்.

அந்த அட்டவணை யாருக்குப் பொருந்தும் என்றால், 28 நாளைக்கு ஒருமுறை தவறாமல் மாதவிலக்கு வந்து, 14-ஆம் நாள் வாக்கில் முட்டை வெளிவருகிற பெண்ணுக்கு. ஜெர்மனியில் 19-ஆம் நூற்றாண்டில் நேகலே என்ற மகப்பேறு மருத்துவர் பரப்பிய கணக்கு இது. 280 நாள், அதாவது 40 வாரம். இதில் முதல் இரண்டு வாரம் வயிற்றில் கருவே கிடையாது, கரு உண்டான நாளிலிருந்து எண்ணினால் 266 நாள்தான் வரும். எனக்கு 28 நாளில் வந்ததே இல்லை. வயதுக்கு வந்ததிலிருந்து 45 நாளைக்கு ஒருமுறைதான், நீர்க்கட்டி என்றார்கள், மாத்திரை சாப்பிட்டேன், அப்புறம் விட்டுவிட்டேன். இப்படி இருக்கிறவர்களுக்கு முட்டை வெளிவருவதே தள்ளித்தான் நடக்கும். முட்டை வந்த பிறகு அடுத்த விலக்குக்கு ஏறக்குறைய இரண்டு வாரம், அந்தப் பின்பாதி பெரிதாக மாறுவதில்லை. நீளுவதும் சுருங்குவதும் முன்பாதிதான். ஆக, 45 நாள்காரிக்கு முட்டை வெளிவரவே ஒரு மாதம் போல ஆகிவிடும்.

என் கதையையே சொல்கிறேன். 2023-இல் கடைசியாக விலக்கானது ஜனவரி 10. உங்கள் அட்டவணைப்படி அக்டோபர் 17. மார்ச் 1-ஆம் தேதி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். ஐம்பது நாள், ஏழு வாரம் முடிந்துவிட்டது என்று எழுதிக்கொண்டு ஸ்கேன் பார்த்தார்கள். கரு வளர்கிற பை மட்டும் இருக்கிறது, உள்ளே குழந்தை தெரியவில்லை, துடிப்பும் இல்லை என்றார்கள். ஏழு வாரத்தில் துடிப்பு தெரிந்தாக வேண்டும், இது வளராத கரு, மாத்திரை போட்டுக் கலைத்துவிடலாம், நாளைக்கு வாருங்கள். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்கள். பஸ்ஸில் மேலூர் வந்து சேரும்வரை நான் வாயே திறக்கவில்லை.

வீட்டில் அம்மா கேட்ட ஒரே கேள்வி இதுதான்: "உனக்கு எப்பவும் ஒன்றரை மாசத்துக்கு ஒருக்கத்தானேடி வரும், அத அவுககிட்டச் சொன்னியா?" நான் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டதெல்லாம் "கடைசியா எப்ப குளிச்சீங்க?" என்பது மட்டும். (அதிலேயே இன்னொரு கோளாறு உண்டு. நம் ஊரில் பாதிப்பேர் முதல் நாளைச் சொல்வதில்லை, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாளைச் சொல்கிறார்கள், அங்கேயே மூன்று நாள் ஐந்து நாள் போய்விடும்.) எனக்கு 17 நாள் கூடுதலாக ஓடுகிற சுழற்சி என்று வைத்துக் கழித்துப் பாருங்கள், அன்றைக்கு எனக்கு ஏழு வாரம் இல்லை, ஐந்து வாரம்கூட நிரம்பவில்லை. அந்த நேரத்தில் பை மட்டும் தெரிவதுதான் சரி. அப்புறம் தெரிந்துகொண்டேன், பையின் சராசரி அளவு 25 மில்லிமீட்டரை எட்டியும் உள்ளே கரு இல்லை, அல்லது கரு 7 மில்லிமீட்டர் வளர்ந்தும் துடிப்பு இல்லை என்றால்தான் ஒரே ஸ்கேனில் முடிவு சொல்லலாம், இல்லையென்றால் ஒன்றிரண்டு வாரம் விட்டு மறுபடி பார்க்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் தங்களுக்கே வகுத்துக்கொண்ட முறை.

மார்ச் 17 அன்று வேறொரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முதலில் கேட்டதே "எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும்?" என்றுதான். ஸ்கேனில் குழந்தை இருந்தது, துடிப்பும் இருந்தது. தலையிலிருந்து பிட்டம் வரை அளந்து, ஏழு வாரம் என்று சொல்லி, பிரசவத் தேதி நவம்பர் 3 என்று எழுதிக் கொடுத்தார். அதாவது அக்டோபர் 17-க்கு மேல் அதே 17 நாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். நவம்பர் 3 என்பது அந்த ஸ்கேன் தாளில்தான் இருந்தது, என் கர்ப்பகாலக் கார்டில் பழைய அக்டோபர் 17 அப்படியே கிடந்தது. எட்டாம் மாதம் இன்னொரு இடத்தில் ஸ்கேன் எடுத்தால், கம்ப்யூட்டரில் ஜனவரி 10-ஐத் தட்டி, குழந்தை இரண்டு வாரம் சின்னதாக இருக்கிறது, வளர்ச்சி குறைவு என்று சீட்டு வந்தது. என் மாமியார் அன்றிலிருந்து பேரீச்சம்பழமும் முட்டையுமாக என்னைப் படுத்திய பாடு தனிக்கதை. அக்டோபர் 24-ஆம் தேதி செக்கப்புக்குப் போனால், "டேட் தாண்டி ஒரு வாரம் ஆச்சு, இன்னைக்கே அட்மிட் ஆகுங்க, ஊசி போட்டு வலி வரவைக்கணும்" என்றார்கள். கார்டுப்படி 41 வாரம். உண்மையில் எனக்கு 38 வாரமும் 4 நாளும். கைப்பையிலிருந்து மார்ச் மாத ஸ்கேன் தாளை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்த பிறகு துடிப்பு, தண்ணீர் அளவு எல்லாம் சோதித்து, சரி, காத்திருக்கலாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி காலை தானாக வலி வந்து பெண் குழந்தை பிறந்தாள், 2.9 கிலோ. வளர்ச்சி குறைவாம்!

நம் பாட்டிகள் இதில் நம்மைவிடத் தெளிவு என்று எனக்குத் தோன்றும். புதுப்பெண்ணை ஆடியில் அம்மா வீட்டுக்கு அனுப்புவது ஏன், சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கக் கூடாது என்றுதானே. ஜூலை 17-இல் பிறக்கிற ஆடியோடு 266 நாளைக் கூட்டிப் பாருங்கள், ஏப்ரல் 9 வரும், ஆடிக் கடைசிக்கு மே 9. முதல் சில நாள் போக மற்றதெல்லாம் சித்திரையேதான். அவர்கள் எண்ணியது கூடிய நாளிலிருந்து, குளித்த நாளிலிருந்து இல்லை. இன்றைக்கும் டெஸ்ட் டியூப் முறையில் கருவை உள்ளே வைக்கிறவர்களுக்கு மாதவிலக்குத் தேதியை யாரும் கேட்பதில்லை, ஐந்து நாள் கருவென்றால் வைத்த நாளோடு 261 நாளைக் கூட்டுகிறார்கள். நாள் தெரிந்தால் அந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும்.

கார்டில் உள்ள வாரக் கணக்கு புரியாமல் குடும்பமே உடையப் பார்த்ததும் உண்டு. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் சொந்தத்தில் ஒரு பெண், மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை. அவர் லீவில் வந்து இறங்கி ஐந்து வாரம், ஸ்கேன் சீட்டிலோ ஏழு வாரம். மாமியார் விரல் விட்டு எண்ணிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கரு உண்டாவதற்கு இரண்டு வாரம் முன்னாலேயே எண்ண ஆரம்பிப்பது உலக வழக்கம், ஐந்தும் இரண்டும் ஏழு என்று ஒரு நர்சம்மா வீட்டுக்கே வந்து சொன்ன பிறகுதான் அந்தப் பெண் நிம்மதியாகச் சாப்பிட்டது.

ஆரம்ப ஸ்கேனை ஏன் நம்பலாம் என்றால், முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் வழிகாட்டலில், 9 வாரத்துக்குள் எடுத்த ஸ்கேன் மாதவிலக்குக் கணக்கிலிருந்து 5 நாளுக்கு மேல் விலகினால், அதற்கு மேல் 14 வாரத்துக்குள் என்றால் 7 நாளுக்கு மேல் விலகினால், ஸ்கேன் தேதியை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஏழாம் மாதத்துக்குப் பிறகு ஸ்கேன் மூன்று வாரம்கூட முன்பின் காட்டும், தகப்பன் மாதிரி ஒல்லியான குழந்தையும் இருக்கும், கொழுகொழுவென்றும் இருக்கும். அதனால் முதலில் சரியாகப் போட்ட தேதியைக் கடைசி ஸ்கேனைப் பார்த்து மாற்றக் கூடாது.

ஒன்று, இதைப் படித்துவிட்டு எனக்கும் லேட்தான் என்று யாரும் தானாக முடிவு கட்டி வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். உண்மையாகவே 41 வாரம் தாண்டினால் டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும், 42-க்கு மேல் குழந்தைக்கு ஆபத்து கூடுகிறது. அசைவு குறைந்தால் தேதி என்னவாக இருந்தாலும் உடனே கிளம்ப வேண்டும். 24 நாளில் வருகிறவர்களுக்குக் கணக்கு எதிர்ப்பக்கம் போகும், அட்டவணைத் தேதிக்கு நாலு நாள் முன்னாலேயே.

எனவே அடுத்த முறை அட்டவணை போடும்போது அடியில் இரண்டு வரி சேருங்கள். சுழற்சி 28-ஐவிட எத்தனை நாள் கூடுதலோ அத்தனை நாளைக் கூட்டிக்கொள்ளவும், குறைவென்றால் கழிக்கவும். மாதாமாதம் ஒழுங்கே இல்லாதவர்கள் இந்த அட்டவணையைப் பார்க்காமல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுத்து, அதில் வரும் தேதியைக் கார்டில் எழுதச் சொல்லி வாங்கவும். என் தங்கைக்கு இப்போது நாள் தள்ளியிருக்கிறது, அவளுக்கு 38 நாள். கார்டு போடும் அன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு நானும் கூடப் போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேலூர், மதுரை மாவட்டம்.