தொட்டியில் அந்த எண்ணையும் எழுதுங்கள்

வேலூர் மாவட்ட ஊராட்சித் தலைவர்களுக்கும் செயலர்களுக்கும் வணக்கம்.

மேல்நிலைத் தொட்டியில் கொள்ளளவை எழுதுகிறீர்கள், கழுவிய தேதியை எழுதுகிறீர்கள். பக்கத்தில் இன்னொரு வரி வேண்டும்: லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் புளோரைடு (பாறையிலிருந்து நீரில் கரைகிற உப்பு), எந்தத் தேதியில் பார்த்தது. அவ்வளவுதான்.

பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புக் கறை தெரிந்தால் "ஒழுங்கா பல்லு விளக்கறதில்ல" என்று அதட்டுகிறோம். தண்ணீரில் புளோரைடு கூடினாலும் இப்படிக் கறை வரும், அது விளக்கினால் போகாது. பல் ஈறுக்குள் உருவாகும்போதே எனாமலில் பதிந்துவிடுகிறது. ஏறக்குறைய எட்டு வயது வரை குடிக்கிற தண்ணீர்தான் கணக்கு. வெளியூரிலிருந்து வந்த மருமகள் அதே தண்ணீரைப் பல வருடம் குடித்தும் பல் வெள்ளையாகவே இருக்கும். அவரைக் காட்டியே "தண்ணியில ஒண்ணுமில்ல" என்று முடித்துவிடுவார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1901-இல் கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு வந்த பல் மருத்துவர் பிரெடெரிக் மெக்கே, அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் கறை, பெரியவர்களாகிக் குடியேறியவர்களுக்கு இல்லை என்று கவனித்தார். தண்ணீர்மேல் சந்தேகம் வந்தும், அதில் எது என்று தெரிய 1931 ஆனது. கண்டுபிடித்த சர்ச்சில், ஓர் அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர். பழி அலுமினியத்தின் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தேடினார்கள், புளோரைடு அகப்பட்டது! 1937-இல் நம் சென்னை மாகாணத்து நெல்லூர்ப் பக்கம், எலும்பையே முடக்கும் அளவுக்கு இதன் பாதிப்பு பதிவானது.

நம்முடையது கருங்கல் பூமி. பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டிக் குடித்த காலம் போய், போர்வெல் ஆழமாகிக்கொண்டே போகிறது. பாறையில் நெடுநாள் தங்கிய நீரில் புளோரைடு கூடுதலாகக் கரைய வாய்ப்புண்டு. கிணற்றுக்குக் கிணறு அளவு மாறும் என்பதால்தான் ஒவ்வொரு தொட்டிக்கும் தனி எண் கேட்கிறேன். இந்தியத் தர அளவு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. காய்ச்சினால் குறையாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும்.

ஜல் ஜீவன் திட்டத்தின் களப் பரிசோதனைப் பெட்டி கையில் இருந்தால் அதிலேயே பார்க்கலாம். 1-ஐத் தாண்டினால் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புங்கள். 1.5-ஐத் தாண்டிய போரைப் புழக்கத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, காவிரிக் கூட்டுக் குடிநீர் வருகிற ஊர்களில் அதை அங்கன்வாடிக்கும் தொடக்கப்பள்ளிக்கும் முதலில் கொடுங்கள். மார்ச் 22 கிராம சபையில் வரவு செலவோடு இந்த எண்ணையும் வாசியுங்கள்.

இப்படிக்கு,
அணைக்கட்டு ஒன்றியத்து வாக்காளர் ஒருவர்