மராமத்து முதலில், மற்றதெல்லாம் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் கெய்ரோவின் ததர் ஹிஜாஸியா மதரஸா பற்றிய கட்டுரை படித்தோம். ஒரு பெண்மணி வக்ஃபு (சமய அறக்கொடை) செய்த மதரஸாவும் அடக்கஸ்தலமும் நெல்லைச் சீமை வாசகர்களுக்குத் தெரியவந்தது நல்லதுதான். ஆனால் கடைசிப் பத்தியில், நம் பக்கத்துப் பழைய தைக்காக்களையும் (தொழவும் ஓதவும் உள்ள சிறு கட்டடங்கள்) இப்படிப் 'புதுப்பித்து' கிரானைட் பதிக்கலாமே என்று கட்டுரையாளர் ஆசைப்பட்டிருக்கிறார். அதற்காகவே இந்தக் கடிதம்.

முதலில் ஒரு திருத்தம். அந்தக் கட்டடம் ஒரே மூச்சில் போட்ட திட்டம் அல்ல. அதைக் கட்டுவித்த ததர், எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் நாசிர் முஹம்மதின் மகள். அடக்கஸ்தலம் எழும்பியது 1348-ல். மதரஸா முடிந்தது 1360-ல். முன்பே நின்ற அடக்கஸ்தலத்தையும் தெருவின் வளைவையும் அனுசரித்துச் சேர்த்துக் கட்டியதால்தான் உள்ளே எதுவும் நேர்கோட்டில் இராது. கோணலாக இருப்பது குறை அல்ல, அதன் வரலாறே அதுதான்.

அதைவிடப் பெரிய விஷயம் கட்டுரையில் விடுபட்டுப்போனது. வரலாற்றாசிரியர் மக்ரீஸி இந்த மதரஸாவின் செலவினங்களை எழுதி வைத்திருக்கிறார். ஷாஃபி, மாலிகி இரண்டு மத்ஹபுகளுக்கும் (மார்க்கச் சட்ட மரபுகளுக்கும்) பாடம், ஒரு நூலகம், அடக்கஸ்தலத்தின் ஜன்னலோரம் முறைவைத்துக் குர்ஆன் ஓதுவோர், அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் ஓதற்பள்ளி. ஒவ்வொரு பிள்ளைக்கும் நாளொன்றுக்கு ஐந்து ரொட்டி, கொஞ்சம் செப்புக்காசு, குளிருக்கு ஓர் உடுப்பு, வெயிலுக்கு ஓர் உடுப்பு. தூண்களையும் குவிமாடத்தையும் வர்ணித்த கட்டுரையில் இந்த ஐந்து ரொட்டிக்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

ரொட்டிக்குப் பணம் வந்தது வக்ஃபு வருமானத்திலிருந்து. வக்ஃபு சொத்தின் முதலை விற்கவோ பங்கு வைக்கவோ முடியாது, வரும்படியை மட்டுமே செலவிடலாம். அந்த வரும்படியில் முதல் உரிமை மராமத்துக்கு. பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அப்படித்தான் என்பது ஃபிக்ஹ் என்னும் மார்க்கச் சட்டம். கூரை விழுந்தால் உஸ்தாது எங்கே உட்கார்ந்து ஓதிக்கொடுப்பார்? நம்மூரில் இது தலைகீழ். கடை வாடகையும் வயல் குத்தகையும் சம்பளத்துக்கும் கந்தூரிக்கும் போய்விடும், மராமத்து என்றால் நன்கொடை தேடுவார்கள். நன்கொடை தருகிறவர் தம் பெயர் பொறித்த பளிங்குக் கல் கேட்பார். சுவரில் ஏறும் ஈரமான ஓதத்தைத் தடுக்கும் வடிகாலில் யாருடைய பெயரையும் பொறிக்க முடியாதே!

ததரின் மதரஸா சீரழிந்த கதையும் மக்ரீஸியிடம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்தில் வசித்த ஓர் உயர் அதிகாரி, தாம் தண்டம் விதித்தவர்களை அடைக்கும் சிறையாக அதை மாற்றினார். அத்தோடு பழைய மதிப்பு போயிற்று. நம் காலத்தில் ஜெர்மானியத் தொல்லியலாளர்களும் எகிப்தியத் தொல்லியல் துறையும் சேர்ந்து அந்த மதரஸா இருக்கும் தர்ப் கிர்மிஸ் பகுதியின் கட்டடங்களைச் சீர்செய்தார்கள். 1983-ல் அந்தப் பணிக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. இருப்பதைக் காப்பாற்றியதற்குத்தான் விருது, மேலே புதிதாக எதையும் ஒட்டியதற்கு அல்ல.

கெய்ரோவின் பழங்கட்டடங்களுக்கு நிலத்தடி நீர் பகை. காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களிலும் அதே பகைதான். செங்கல்லும் சுண்ணாம்பும் தரையிலிருந்து நீரை உறிஞ்சும். நீர் சுவரின் மேற்பரப்பில் காய்ந்து போகும், அதில் கரைந்த உப்பு மட்டும் தங்கிப் படிகமாகிப் பூச்சைப் பொரியவைக்கும். அதை மறைக்கச் சிமென்ட் பூசினால் நீருக்கு வெளியேற வழியில்லை, இன்னும் மேலே ஏறும். மூன்றடியில் நின்ற ஓதம் ஆறடிக்குப் போய், சுதை வேலைப்பாடு இருக்கும் இடத்தில் உப்புப் பூக்கும். கிரானைட், டைல்ஸ், எனாமல் பெயின்ட் எல்லாம் செய்வது இதையேதான்.

முதலில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தொழுகைக்கு முன் ஒளு செய்யும் (கைகால் முகம் கழுவும்) ஹவுள் தொட்டியின் கழிவுநீர் சுவரோரமாக ஓடுகிறதா? சுவரை ஒட்டிச் சிமென்ட் தளம் இருக்கிறதா? தளத்தை இரண்டடி அகலத்துக்குப் பெயர்த்து, வெளிப்புறம் சரிவு வைத்து, ஜல்லி நிரப்பிய வாய்க்கால் வெட்ட வேண்டும். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டவே கூடாது. ஓதக்கோட்டுக்கு மேல் ஒன்றரையடி வரை சிமென்ட் பூச்சை உளியால் மெல்ல எடுத்துவிட்டு, உப்பை உலர்ந்த தூரிகையால் துடைத்து அள்ளுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்பச் சுவருக்குள்ளேயே போகும். பிறகு அச்சு மை படாத காகிதத்தை நல்ல தண்ணீரில் கூழாக்கி விரற்கடை கனத்தில் அப்புங்கள். காய்ந்து தானாக விடுபடும்போது உப்பையும் இழுத்து வரும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும். சுவரை ஒரு கோடை முழுக்க ஆறவிடுங்கள். இங்கேதான் எல்லாருக்கும் பொறுமை போய்விடுகிறது.

பூச்சுக்கு, நீற்றிக் குறைந்தது ஒரு மாதம் தண்ணீரில் கிடந்த கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் ஒரு சட்டிகூட வேண்டாம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீரைக் கொத்தனார்கள் சேர்ப்பதில் தவறில்லை, ஆனால் கருப்பட்டி கூடினால் பூச்சு இறுகாது, பூஞ்சையும் பிடிக்கும். ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் ஏற்றாமல் இரண்டு தடவையாகப் பூசி, மணியாசு கட்டையால் அழுத்தித் தேய்த்து, ஈரச் சாக்கு தொங்கவிட்டுப் பத்து நாள் காக்க வேண்டும். ஆனி, ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடங்கினால் மேல்தோல் மட்டும் காய்ந்து வலை வலையாக வெடிக்கும். தையும் மாசியுமே தோதான மாதங்கள்.

அடக்கங்களில் நட்டிருக்கும் மீசான் கற்களையும் மறந்துவிடாதீர்கள். அவற்றின் மேல் சுண்ணாம்பு, பெயின்ட், ஆசிட், கம்பி பிரஷ் எதுவும் படக் கூடாது. காயல்பட்டினத்தில் பெண்களுக்கென்றே எத்தனையோ தைக்காக்கள் இருக்கின்றன. எந்தத் தைக்காவிலும் வேலை தொடங்குமுன், அங்குள்ள கல்லில் எழுத்து இருந்தால் ஈரக் காகிதம் ஒட்டி, தூரிகையால் தட்டி, மைப்படி எடுத்து வையுங்கள். கட்டிக்கொடுத்த பெண்மணியின் பெயர் அந்தக் கல்லில் மட்டுமே இருக்கக்கூடும்.

இப்படிக்கு,
பழங்கட்டடப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள் சிலர்,
மேலப்பாளையம், திருநெல்வேலி.