ஒரே ஸ்கிரீனை நாலு தடவை எழுதினவன் கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன வாரம் நம்ம பத்திரிகைல ஐடி ஆளுங்களோட பர்ன்அவுட் பத்தி, அதான் வேலை பாத்து பாத்து உள்ள தீஞ்சு போறத பத்தி, வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா கடைசில யோகா பண்ணுங்க, ராத்திரி செல்போன ஓரமா வைங்க, ஒரு ட்ரிப் போயிட்டு வாங்கன்னு முடிச்சிட்டீங்க பாருங்க, அங்கதான் சப்புன்னு ஆயிடுச்சு. நான் 2003ல இருந்து ஓஎம்ஆர்ல கோடு, அதான் கம்ப்யூட்டர் ப்ரோக்ராம், எழுதுறவன், வயசு 46. யோகாவும் பண்றேன், ஏற்காடும் போயிட்டு வந்துட்டேன்.

வேலை பாக்க வேண்டியது வாரத்துக்கு 70 மணி நேரமா 90 மணி நேரமான்னு டிவில அடிச்சுக்கிட்டாங்க. நேரமும் காரணம்தான், இல்லங்கல. ஆனா எங்க வயசு ஆளுங்கள உக்கார வைக்கிறது செஞ்ச வேலை நிக்காததுதான். லீவ் அப்ளை பண்ற ஸ்கிரீன் ஒண்ணு. பேரு, தேதி, காரணம், மேனேஜர் அப்ரூவல், அவ்ளோதான். அத 2003ல விபி6ங்கிற ப்ரோக்ராமிங் மொழில எழுதினேன். அது பழசாயிடுச்சுன்னு 2008ல ஜாவா மொழில, ஸ்ட்ரட்ஸ்ங்கிற கருவி வச்சு. 2014ல வேற கம்பெனி, அங்க ஆங்குலர்ஜேஎஸ்னு கூகுளோட கருவி. அதுக்கு கூகுள் 2021 டிசம்பரோட சப்போர்ட்ட நிறுத்தவும் மறுபடி ரியாக்ட்னு இன்னொரு கருவில. லீவு போடுறவனுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அவனுக்கு அதே மூணு நாள் லீவுதான், நான் மட்டும் ஒவ்வொரு தடவையும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து ஆரம்பிச்சு, ராத்திரி யூடியூப் பாத்துட்டு காலைல ரெண்டு வருஷ அனுபவம் உள்ள தம்பி பக்கத்துல எல்லாம் தெரிஞ்ச மாதிரி உக்காரணும்.

எங்கப்பா அம்பத்தூர் எஸ்டேட்ல டர்னர். லேத் சத்தத்த வச்சே டூல் மழுங்கிடுச்சுன்னு சொல்லிடுவார், வயசாக ஆக ஷாப்ல எல்லாரும் அவர்கிட்டதான் வந்து கேப்பாங்க. என்கிட்ட கேக்குறது, "என்ன சார், இன்னும் கோடுதான் எழுதுறீங்களா?"

அதே 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை, லாக்4ஜேன்னு ஏகப்பட்ட ஜாவா ப்ரோக்ராம்ல இருக்குற ஒரு சாஃப்ட்வேர்ல பாதுகாப்பு ஓட்டை இருக்குன்னு வெளிய வந்துச்சு. எந்த சர்வர்ல எந்த வெர்ஷன் கிடக்குன்னு சனி ஞாயிறு முழுக்க தேடினோம், ஓட்டைய அடைக்க வந்த 2.15 வெர்ஷன போட்டு நிமிரல 2.16, அத முடிக்கறதுக்குள்ள 2.17. தூக்கமே இல்ல. ஆனா உண்மைய சொல்றேன், அந்த ரெண்டு வாரமும் சலிப்பே வரல, பழைய ஜாவா எங்கெங்க ஒளிஞ்சிருக்கும்னு தெரிஞ்ச ஆளு டீம்ல நான்தான். சலிப்பு வந்தது ஜனவரில, ஏசி ரூம்ல, ப்ரொஜெக்டர்ல அந்த லீவ் ஸ்கிரீன போட்டு காட்டினப்ப.

2019ல உலக சுகாதார நிறுவனம் பர்ன்அவுட்ட நோய்னு சொல்லாம வேலையால வர்ற நிலைன்னு தன் பட்டியல்ல விளக்கினப்ப மூணு அடையாளம் சொல்லுச்சு: களைப்பு, வேலையில மனசு ஒட்டாம போறது, நம்மால உருப்படியா எதுவும் ஆகலங்கிற நெனப்பு. உங்க கட்டுரை மொதல் ஒண்ணோட நின்னுடுச்சு. மூணாவதுக்கு எந்த ஆசனம் சார்? அடுத்த தடவ எழுதும்போது டாக்டர்கிட்ட மட்டும் கேக்காம கம்பெனிக்காரங்ககிட்டயும் கேளுங்க, மேனேஜர் ஆகாம கோடு எழுதிக்கிட்டே ஒருத்தன் 55 வயசு வரைக்கும் சம்பளம் ஏறி ரிட்டயர் ஆக வழி வச்சிருக்கீங்களான்னு.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பெருங்குடி, சென்னை

பி.கு: அந்த லீவ் ஸ்கிரீன அஞ்சாவது தடவையா ஏஐ வச்சு எழுதணுமாம், திங்கட்கிழமை மீட்டிங். அன்னிக்கு லீவு கேட்டிருக்கேன், இன்னும் அப்ரூவ் ஆகல.