ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரத்துக்கு நன்றி

கொழிஞ்சாம்பாறை அன்பர்களுக்கு வணக்கம்.

நான் விழுந்ததும் இடுப்பில் அறுவை நடந்ததும் ஊரே அறிந்தவை. நேற்றுத்தான் கைத்தடியை ஊன்றி வாசல்வரை நடந்தேன். இரத்தம் கொடுத்தவர்கள், கோயம்புத்தூருக்கு வண்டியோட்டிய தம்பி, முறைவைத்துச் சோறு கொண்டுவந்த தெருப்பெண்கள், என்னிடம் படித்த பிள்ளைகள் அனைவருக்கும் கைகூப்புகிறேன்.

தனியே நன்றி சொல்லவேண்டியது எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பெண்மணிக்கு. எலும்புக்காக எனக்கு வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை எழுதியிருக்கிறார்கள். அதை வெறும் வயிற்றில் ஒரு தம்ளர் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் காப்பிகூடக் குடிக்காமல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகிவிடக்கூடும். முதல் ஞாயிறு நான் கண்ணயர்ந்து சரிந்ததைப் பார்த்துவிட்ட அவர், மறுவாரத்திலிருந்து சொசைட்டியில் பாலை அளந்துவிட்டுக் காலி கேனோடு வந்து என் எதிரே உட்காரத் தொடங்கினார். “இன்னும் பத்து நிமிசம் இருக்குதுங்க டீச்சரம்மா, சாஞ்சுறாதீங்க” என்று, கண் சொக்கும்போதெல்லாம் என் கையைப் பிடித்து உலுக்குவார். இருபது ஆண்டுகளாகக் கரப்பான் என்னும் தோல்நோய் படர்ந்து செதில் உதிரும் கை அது. ஒட்டாத நோய் என்று படித்தவர்களுக்கே சொல்லிச் சலித்து, சில்லறையைக்கூட மேசைமேல் வைத்து நகர்த்தப் பழகியவள் நான். இவர் விளக்கம் எதுவும் கேட்கவில்லை.

அந்த அரை மணிகளில் என் பிழையையும் எண்ணிப் பார்த்தேன். மார்கழியிலும் தையிலும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசித் தோல் வெடிக்கும்போதெல்லாம், பழைய மருந்துச் சீட்டைக் காட்டிப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினேன். தோலின் அரிப்பை அடக்கிய அந்த மாத்திரை, மாதவிடாய் நின்றதிலிருந்தே மெலிந்துவந்த எலும்பை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது. தோலை மறைக்க முழுக்கை ரவிக்கையோடு வீட்டுக்குள்ளேயே இருந்ததில் வெயிலும், அதனால் கிடைக்கும் வைட்டமின் டியும் இல்லாமற்போயின. எலும்பு அடர்த்திச் சோதனையில் மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே எலும்புப்புரை என்கிறார்கள். எனக்கு மைனஸ் 3.1.

இனிப் பழைய சீட்டில் ஒரு மாத்திரையும் வாங்கமாட்டேன். என்னைப் போலத் தொடர்ந்து சாப்பிட்டுவரும் சகோதரிகள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிட வேண்டாம், அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள், எலும்பையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அரை மணி முடிந்ததும் நாங்கள் இருவரும் குடிக்கும் காப்பியை இதுவரை அவரே போட்டுவந்தார். வருகிற ஞாயிறு நான் எழுந்து போடுவேன்.