எலும்பு வலிக்கு ஒரே தவணை போதாதா?

ஆசிரியருக்கு,

மார்பகப் புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவிய என் அத்தைக்கு, வலி குறைய வாரக்கணக்கில் 'கரண்ட்' (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கச் சொன்னார்கள். களக்காட்டிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பஸ். வேகத்தடை வரும்போதெல்லாம் முன்சீட்டுக் கம்பியை இரு கையாலும் பற்றி, இடுப்பைத் தூக்கிக்கொள்வார்.

எலும்பு முறிவோ தண்டுவட அழுத்தமோ இல்லாதவர்களுக்கு, 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சை ஒரே தவணையில் கொடுத்தாலும், 30 கிரேயைப் 10 தவணையாகக் கொடுத்தாலும் வலி தணிவது ஏறக்குறைய ஒன்றுதான் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரே தவணை பெற்றவர்களுக்கு மறுபடி கதிர்வீச்சு தேவைப்படுவது அதிகம், உண்மைதான். அதைச் சொல்லி, முடிவை நோயாளியிடம் விடலாமே? எங்களிடம் யாரும் வாயே திறக்கவில்லை. முதல் சில நாள் வலி கூடலாம், பலன் தெரியச் சில வாரம் ஆகலாம் என்பதைக்கூட! அத்தை பயந்தே போனார்.

தவணையைச் சீட்டில் எழுதுமுன் 'எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள்?' என்று மருத்துவர்கள் கேட்க வேண்டும். கால் பலவீனமானாலோ சிறுநீர் கட்டுப்படாவிட்டாலோ அது தண்டுவட அழுத்தமாக இருக்கலாம், அன்றே வர வேண்டும் என்பதையும் அதே சீட்டில் தமிழில் எழுதித் தரட்டும்.

– ஒரு வாசகர், களக்காடு