பின்தேதி போட்ட செக்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. 1975இல் பலித்த வித்தை 2016இல் ஏன் பலிக்கவில்லை என்று கேட்டிருந்தாய். இரண்டு முறையும் பிரிட்டன் செய்தது ஒன்றுதான்: ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்போடு (பின்னாளில் ஐரோப்பிய ஒன்றியம்) நிபந்தனைகளை மறுபடி பேசியது, கிடைத்ததைக் காட்டி, "இருக்கலாமா, போகலாமா?" என்று மக்களைக் கேட்டது. ஆனால் கேட்ட சரக்கு வேறு.

1975இல் பிரதமராக இருந்த ஹரோல்ட் வில்சன் கேட்டது பெரும்பாலும் காசும் வெண்ணெயும். கூட்டமைப்பின் பொது பட்ஜெட்டுக்குப் பிரிட்டன் கட்டும் பங்கு குறைய வேண்டும். நியூசிலாந்து வெண்ணெய் பிரிட்டிஷ் சந்தைக்குத் தொடர்ந்து வர வேண்டும். மூல உடன்படிக்கையில் ஒரு வரியைக்கூட மாற்றாமல் கொடுக்கக்கூடியவை. 1975 மார்ச்சில் டப்ளின் உச்சி மாநாட்டில் பேசி முடித்துவிட்டார்கள். பட்ஜெட் திருத்தம் பேருக்குத்தான். உருப்படியான தள்ளுபடியை 1984இல் ஃபோன்தேன்ப்ளோவில் தாட்சர்தான் கறந்தார். ஆனாலும் ஜூன் 5 வாக்கெடுப்பில் 67.2 சதவீதம் பேர் "இருப்போம்" என்றார்கள். இத்தனைக்கும் மந்திரிசபையே 16க்கு 7 என்று பிளந்து கிடந்தது. எதிர்த்தவர்கள் பதவியில் இருந்துகொண்டே பிரசாரம் செய்ய வில்சன் விட்டுவிட்டார். 2016இல் பிரதமராக இருந்த டேவிட் கேமரனும் பிறகு அதையே காப்பியடித்தார்.

கேமரன் 2015 நவம்பர் 10 அன்று ஐரோப்பியத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சிலின் தலைவர் டொனால்ட் டஸ்குக்கு எழுதிய கடிதத்தில் நான்கு தலைப்புகள்: யூரோவில் சேராத நாடுகளுக்குப் பாதுகாப்பு, போட்டித்திறன், இறையாண்மை, குடியேற்றம். போட்டித்திறன் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அதை விட்டுவிடு. இறையாண்மையில் அவருக்குக் கிடைத்தது 'சிவப்பு அட்டை'. கணக்கைப் பார்: அப்போது 28 நாடுகள், ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றத்துக்கும் 2 வாக்கு, மொத்தம் 56. ஒன்றியத்தின் ஒரு சட்ட வரைவை மறிக்க 55 சதவீதத்துக்கு மேல், அதாவது 31 வாக்கு வேண்டும். 16 நாட்டு நாடாளுமன்றங்களாவது 12 வாரத்துக்குள் ஒரே மூச்சில் எதிர்க்க வேண்டும். வரைவை மறுபரிசீலனை செய்யச் சொல்ல ஏற்கெனவே இருந்த 'மஞ்சள் அட்டை'க்கு மூன்றில் ஒரு பங்கு வாக்கு போதும். அதுவே அதுவரை இரண்டு முறைதான் எழுந்தது. சிவப்பு அட்டை எத்தனை முறை எழும் என்று நீயே சொல்.

வண்டி குடைசாய்ந்தது குடியேற்றத்தில். வேலைக்கு வரும் ஐரோப்பியர்களுக்கு, வேலையில் இருப்பவர்களுக்கு அரசு தரும் சலுகைத் தொகை நான்கு வருடம் கிடையாது என்பது கேமரனின் கோரிக்கை. உடன்படிக்கையிலோ, தொழிலாளர்களிடையே தேசியத்தை வைத்துப் பாகுபாடு கூடாது என்று இருக்கிறது. அதை மாற்ற 28 நாடுகளும் ஒப்ப வேண்டும். போலந்தும் ஹங்கேரியும் தங்கள் ஆட்களுக்கு எதிராக எப்படிக் கையெழுத்துப் போடும்? எனவே கண்டுபிடித்த குறுக்குவழிதான் 'அவசர பிரேக்'. வழக்கத்துக்கு மாறான அளவில் ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு நாடு ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்திடம் முறையிட வேண்டும். ஆணையம் ஆராய்ந்து பரிந்துரைக்கும். உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் அவை அனுமதி கொடுக்கும். ஏழு வருடம் வரை பிரேக் அமலில் இருக்கும். அந்தக் காலத்தில் புதிதாக வருபவருக்கு நான்கு வருடம் வரை சலுகை குறையும், முதலில் பூஜ்யம், பிறகு படிப்படியாக ஏறும். பிரிட்டனில் அந்த நிலைமை ஏற்கெனவே இருக்கிறது என்று ஆணையம் முன்கூட்டியே எழுதியும் கொடுத்துவிட்டது.

இதில் பிரேக்கை மிதிப்பது யார் என்று கவனித்தாயா? லண்டன் அல்ல. அதோடு, இதற்கு 2011ஆம் வருடத்து ஒன்றிய ஒழுங்குவிதி ஒன்றைத் திருத்த வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் ஒப்பாமல் அது நடக்காது. வாக்கெடுப்புக்கு முன்னால் ஒரு வரிகூடச் சட்டமாகவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்காக வந்தார்களே தவிர சலுகைக்காக அல்ல என்பதால், சட்டமாகியிருந்தாலும் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நிகரக் குடியேற்றத்தை (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த கணக்கு) வருடத்துக்கு ஒரு லட்சத்துக்குக் கீழே அடக்குவேன் என்று சொல்லியிருந்தவர் கேமரன். வாக்கெடுப்புக்கு நான்கு வாரம் முன்பு வந்த கணக்கு: 3,33,000.

2016 பிப்ரவரி 19 அன்று பிரஸ்ஸல்ஸ் உச்சி மாநாட்டில் 'இங்கிலிஷ் பிரேக்ஃபாஸ்ட்' சாப்பிட்டபடியே பேரத்தை முடித்துவிடலாம் என்று டஸ்க் நினைத்திருந்தார். அது மதியச் சாப்பாடாகி, இரவுச் சாப்பாட்டில்தான் முடிந்தது. மலையைக் கெல்லி எலி பிடித்த கதை!

தீர்வின் சட்ட வடிவம் டென்மார்க்கிடம் கடன் வாங்கியது: தலைவர்கள் சர்வதேசச் சட்டப்படி எடுக்கும் முடிவு, உடன்படிக்கைத் திருத்தம் பின்னால் எப்போதாவது. ஆனால் வரிசையைப் பார். ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கையை டேனிஷ் மக்கள் 1992 ஜூனில் "வேண்டாம்" என்றார்கள். டிசம்பரில் எடின்பரோவில் விலக்குகள் கிடைத்தன. 1993 மே மாதம் 56.7 சதவீதம் "சரி". கேமரன் கையில் இருந்ததோ பின்தேதி போட்ட செக். வெளியேறுவோம் என்று வாக்களித்தால் ஏற்பாடு முழுவதும் தானாக ரத்து என்று அதிலேயே ஒரு விதி. சில நாளில் அவருடைய நீதித்துறை அமைச்சர் மைக்கேல் கோவே, இது ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என்றார். கட்டுப்படுத்தும் என்று அரசு மறுத்தது. செக் செல்லுமா என்று வீட்டுக்குள்ளேயே சண்டை வந்தபின் அதை யார் வாங்குவார்கள்? ஜூன் 23க்கு வெகு முன்பே பிரசார மேடைகளில் அதைப் பற்றிய பேச்சு அடங்கிவிட்டது. முடிவு உனக்குத் தெரியும்: 51.9க்கு 48.1.

நீ கேட்ட இன்னொன்று: ஆமாம், பிரிட்டனில் சட்டப்படி வசித்த காமன்வெல்த் குடிமக்களுக்கும் வாக்கு இருந்தது. ஈஸ்ட்ஹாமில் இந்திய பாஸ்போர்ட்டோடு இருந்த நம்மவர் வாக்களிக்கலாம். இருபது வருடம் அதே தெருவில் இருந்த போலந்துக்காரருக்கு முடியாது.

பிள்ளைகளுக்காகப் பெற்றோருக்கு அரசு தரும் குழந்தைத் தொகை பற்றியும் ஒரு பின்குறிப்பு உண்டு. பிள்ளை எந்த நாட்டில் வளர்கிறதோ அந்த நாட்டு நிலவரப்படி தொகையைக் குறைக்கலாம் என்பதும் கேமரனுக்குக் கொடுத்த வாக்குறுதிகளில் ஒன்று. அதே ஏற்பாட்டை ஆஸ்திரியா 2019 முதல் தானாகவே கொண்டுவந்தது. 2022 ஜூனில் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லாது என்று தள்ளிவிட்டது. தீர்ப்பை வைத்திருக்கிறேன், அடுத்த கடிதத்தோடு அனுப்புகிறேன்.

அன்புடன்,
ராஜன்